திருமணப் படங்களை உறவினரே எடுத்தால் போதாதா?

கேள்வி: என் தங்கைக்கு வைகாசியில் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். இரண்டும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில்தான். சுமார் 300 பேர் வருவார்கள். புகைப்படம், வீடியோ, ட்ரோன், எல்இடி திரை, இரண்டு ஆல்பம் என எல்லாம் சேர்த்து ஸ்டூடியோவில் 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். தாய்மாமன் மகன் நல்ல கேமரா வைத்திருக்கிறான், அழகாகவும் எடுப்பான். தானே எடுத்துத் தருவதாகச் சொல்கிறான். தொழில்முறைப் புகைப்படக்காரர் அவசியம்தானா?

பதில்: முகூர்த்தத்துக்கு அவசியம். ஸ்டூடியோ சொன்ன மற்றவற்றில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது.

கெட்டிமேளம் ஒலித்ததும் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் கைகள் தங்கையின் கழுத்தைச் சுற்றிப் போகின்றன. முதல் முடிச்சு விழுந்ததும் நாத்தனார் குனிகிறார். சுற்றி நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள், அட்சதை பறக்கிறது, வீடியோ விளக்கு எதிரிலிருந்து அடிக்கிறது, ஓமப்புகை வேறு. சில நொடிகளில் முடிந்துவிடும். மறுபடி கட்டச் சொல்ல முடியாது. அனுபவமுள்ளவர், மாங்கல்யத் தட்டு ஆசி பெறச் சபைக்குள் போகும்போதே தன் இடத்தைப் பிடித்துவிடுவார். நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பார் என்று புரோகிதரிடம் முன்பே கேட்டு வைத்திருப்பார். நல்ல கேமரா இருப்பதால் மட்டும் இந்தப் பழக்கம் வந்துவிடாது.

மண்டப வெளிச்சமும் ஏமாற்றும். எல்இடி விளக்குகள் பல, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழலாம். மேடையில் வைக்கும் ஊதா, நீல விளக்குகள் முகத்தில் படிந்துவிட்டால் பிறகு கணினியில் திருத்துவது பெரும்பாடு. யார் படம் எடுத்தாலும் சரி, முகூர்த்த நேரத்தில் வண்ண விளக்குகளை அணைத்துவிடும்படி அலங்காரக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மாமா மகனின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தாய்மாமன் வீட்டார் சீர்த்தட்டு ஏந்தி வரும்போது அந்த வரிசையில் நடக்க வேண்டியவர் அவர். கேமராவை அவர் கையில் கொடுத்தால் அவர் இல்லாத குடும்பப் படங்கள்தான் மிஞ்சும். சாப்பிட வா என்று அத்தை கையைப் பிடித்து இழுத்தால் அவரால் மறுக்க முடியுமா? படம் சரியாக வராவிட்டால் பணம் கொடுத்து அமர்த்தியவரிடம் கேட்பதுபோல அவரிடம் கேட்கத்தான் உங்களுக்கு மனம் வருமா? பந்தக்கால் நடுதல், மருதாணி, நலங்கு ஆகியவற்றை அவரிடம் ஒப்படையுங்கள். வெளியாள் கேமராவைத் தூக்கியதும் விறைத்துக்கொள்ளும் பாட்டி, பேரன் எடுத்தால் இயல்பாகச் சிரிப்பார். அந்தப் படங்களில் ஸ்டூடியோக்காரர் அவருக்கு ஈடாக மாட்டார்.

செலவைக் குறைக்க நிறைய இடமிருக்கிறது. மண்டபத்துக்குள் நடக்கும் திருமணத்துக்கு ட்ரோன் எதற்கு? 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். எல்இடி திரையையும் இரண்டாவது ஆல்பத்தையும் விட்டுவிடலாம். வரவேற்புக்கு ஒருவர் போதும். ஆனால் போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுக்கும் ‘கேண்டிட்’ படங்களின் மோகத்தில் மேடைப் படங்களை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் அந்தப் படங்கள் இன்று சலிப்பாகத் தெரியலாம். பிற்காலத்தில் ஒரு பெரியவரின் முகத்தைத் தேடும்போது குடும்பங்கள் புரட்டுவது அவற்றைத்தான். யார் யாரையெல்லாம் மேடையேற்ற வேண்டும் என்று பட்டியல் எழுதி, உறவுகளை அறிந்த ஒருவரைப் புகைப்படக்காரர் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பொறுக்கியெடுத்த படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். மண்டபத்துக்குள் காலையில் நடந்த ஒரு திருமணத்தின் முழுத் தொகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். தாலி கட்டும் படங்களை வரிசையாகப் பார்த்தாலே அவர் கைத்திறன் தெரிந்துவிடும். பெரிய முகூர்த்த நாளில் சிலர் இரண்டு மூன்று திருமணங்களை ஒப்புக்கொண்டு வேறு ஆளை அனுப்பிவிடுகிறார்கள். அதனால் நேரில் வரப்போகிறவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் பதிவு செய்யும் கேமராவா, மாற்றுக் கேமரா கொண்டுவருவாரா என்பதையும் கேளுங்கள். மணமகள் அறையில் படம் எடுக்கப் பெண் புகைப்படக்காரர் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டூடியோவின் ரசீதிலோ ஒப்பந்தத்திலோ இதை மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். தங்கையின் படத்தை விளம்பரத்துக்குப் போடுவதானால் அவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்று சேர்த்து எழுதச் சொல்லத் தயங்காதீர்கள்.

பத்துப் பேர் சூழப் பதிவு அலுவலகத்தில் நடக்கும் திருமணம் என்றால் மாமா மகனே போதும் என்று சொல்லியிருப்பேன். உங்களுடையது அப்படியல்ல.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். முன்பணம், திருமண நாளில் ஒரு பகுதி, ஆல்பம் கைக்கு வந்த பிறகு மீதி என்று பேசுங்கள். ஆல்பம் தாமதமாவதற்குப் பல வீடுகளில் குடும்பத்தாரே காரணம். படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவே மாதங்கள் ஓடிவிடும். தேர்வுக்கு நீங்களும் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்துக்குக் காத்திராமல், எடுத்த எல்லாப் படங்களின் பிரதியையும் ஒரு வாரத்துக்குள் கேட்டு வாங்குங்கள். மாமா மகன் எடுத்தவற்றை வாட்ஸ்அப்பில் வாங்கினால் படத்தின் தரம் குறைந்துவிடும். கார்டிலிருந்து நேராக ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் இன்னொன்றைத் தங்கை வீட்டிலும் வைத்திருங்கள்.