‘நல்லா யோசிச்சியா?’ – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம். எங்கள் பக்கம் ஊர்ப் பெயரைப் போட்டாலே வீட்டு விலாசத்தைப் போட்ட மாதிரிதான்.

வயது 38. பள்ளியில் கணக்கு டீச்சர். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. ஐந்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் முகமூடி மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். வீட்டின் உள்கட்டான வளவிலிருந்து வாசல் பக்க முகப்புக்கு வருவதற்குள் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். நடை, பேலியோ, பவுடர், கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு முறை 17 கிலோ குறைத்தேன். ஒன்றரை வருஷத்தில் 20 கிலோ ஏறிவிட்டது. மதுரையில் ஒரு டாக்டர் எடை குறைப்பு ஆப்பரேஷன் செய்துகொள்ளலாம் என்றார். மூன்று முறை போய்ச் சந்தேகமெல்லாம் கேட்டுவிட்டேன். எனக்குச் சரி என்றுதான் படுகிறது.

வீட்டில் சொன்ன பிறகுதான் பிரச்சினை. மாமியார் ‘நல்லா இருக்கிற வயித்தை யாராச்சும் அறுப்பாகளா’ என்கிறார். அவருடைய தங்கை கர்ப்பப்பை ஆப்பரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. ஆத்தா பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். நாத்தனார், ‘வாயைக் கட்டினா போதாதா?’ வீட்டுக்காரர் சிங்கப்பூரில். ‘உன் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். 13 வயது மகள் எதுவும் கேட்பதில்லை, நான் போனில் பேசினால் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. வீடு அடங்கியதும் சமையல்கட்டுக்குப் போய் டின்னைத் திறந்து, நின்றபடியே சீப்புச்சீடை தின்கிறேன். பசியே இருக்காது.

தை மாதம் மாமனாருக்கு வயது நிறைவுச் சாந்தி விழா. அதற்குள், அரைப்பரீட்சை லீவில், யாருக்கும் தெரியாமல் போய்ச் செய்துகொண்டு வந்துவிடலாமா? செய்யலாமா வேண்டாமா என்று உங்களிடம் கேட்கவில்லை. யாரிடம் பேசுவது, எப்படித் தாங்குவது, அதை மட்டும் சொல்லுங்கள்.

ப.

*

அன்புள்ள ப.,

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, தேவகோட்டையில் இருக்கும் என் தங்கை முறை ஒருத்தி ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு இதே ஆப்பரேஷன். நான் கேட்ட முதல் கேள்வி: ‘நல்லா யோசிச்சியா?’ அவள் சரி அக்கா என்று வைத்துவிட்டாள். மூன்று வருஷம் யோசித்திருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அக்கறை மாதிரி இருக்கிற அந்தக் கேள்விக்குள் ‘உனக்கு யோசிக்கத் தெரியாது’ என்பதுதான் இருந்தது. அன்று அவளுக்கு வேண்டியிருந்தது, பல் விளக்கினாயா, எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், யார் கூட வருகிறார்கள் என்கிற மாதிரி சாதாரணக் கேள்விகள்.

அதே வீட்டில் என் பெரியாத்தா ஒருவர். அந்த ஆப்பரேஷனை அவர் அளவுக்கு எதிர்த்தவர் கிடையாது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துகூடப் பார்த்தார். ஆனால் அவள் வீடு திரும்பியதும், பரணிலிருந்து பழைய வெள்ளிப் பாலாடையை எடுத்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முதல் நாட்களில் தண்ணீரைக்கூட மடக்கென்று குடிக்க முடியாது, வாய் வாயாகத்தான். டம்ளரைக் கையில் கொடுத்தால் பழக்கத்தில் அண்ணாந்துவிடுவாள் என்று, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி பாலாடையில் மோரும் பருப்புத் தண்ணீரும் கொடுத்தார். எதிரே சுவர்க் கடிகாரம், அதைப் பார்த்து வாய்க்கு வாய் இடைவெளி விட்டுக் கொடுப்பார். மூன்றாம் மாதம் குளிக்கும்போது முடி கொத்துக் கொத்தாக வந்து அவள் அழுதபோதும் பெரியாத்தாதான் இருந்தார். (அந்தச் சமயத்தில் முடி கொட்டுவது சகஜம், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். அப்போது எங்கள் யாருக்கும் அது தெரியாது.) இன்றைக்குக் கேட்டாலும் ‘வயித்தை வெட்டியிருக்க வேண்டாம்’ என்றுதான் சொல்வார்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. சம்மதம் வேறு, துணை வேறு. நீங்கள் வளவில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது கிடைக்காது. கிடைத்தாலும் முதல் வாந்தியில் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். யோசனை கேட்பதை நிறுத்திவிட்டு வேலை கொடுங்கள்.

வீட்டுக்காரரிடமிருந்தே ஆரம்பியுங்கள். ‘என்ன சொல்றீங்க?’ என்று கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்றுதான் வரும். அதில் பாதி மரியாதை, பாதி பயம் என்று நினைக்கிறேன். கடல் தாண்டி இருக்கிறவருக்குத் தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று இருக்கும். ‘எந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம் லீவு போடுவீங்க?’ என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் அவர் தலையில் கட்டுங்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) 40-க்கு மேல் இருந்து டாக்டர் பரிந்துரையும் இருந்தால் பல பாலிசிகள் இதை ஏற்கின்றன, ஆனால் காத்திருப்புக் காலம், முன் அனுமதி என்று அடியில் நிறைய எழுதியிருப்பார்கள். வரி வரியாகப் படிக்க ஒருவர் வேண்டும். சிங்கப்பூரிலிருந்தே செய்யக்கூடிய வேலைதானே.

மாமியார் விஷயத்தில், உங்கள் கடிதத்திலேயே பதில் ஒரு வரியாக இருக்கிறது, நீங்கள்தான் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவருடைய தங்கை. ‘நல்லா இருக்கிற வயித்தை’ என்பது வாதமே இல்லை, அது பழைய பயம். அவரை அடுத்த தடவை மதுரைக்குக் கூட்டிப்போங்கள். காரைக்குடியிலிருந்து 90 கிலோமீட்டருக்குள்தான், காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவரே கேட்கட்டும். வயிற்றைக் கிழிக்கப் போவதில்லை, சின்னத் துளைகள் வழியாகக் கருவி விட்டுச் செய்வது என்று அவர் காதால் கேட்கட்டும். ரத்தக்கசிவு, தையல் வழியே ஒழுகல், காலில் ரத்தம் உறைவது என்று ஆபத்துகளையும் கேட்கட்டும். அனுபவமுள்ள இடத்தில் அவை அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் அந்த டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாத்தனாரின் ‘வாயைக் கட்டினா போதாதா’வுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. உங்களுக்காக மட்டும் சொல்கிறேன். எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, உட்கார்ந்திருக்கும்போது எரிக்கிற சக்தி குறைகிறது. 17 குறைந்து 20 ஏறியது உங்கள் ஒழுக்கக் குறைவு இல்லை. இந்த ஆப்பரேஷனில் ஸ்லீவ் என்கிற முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு வாழைக்காய் மாதிரி ஒரு குழாயைத்தான் விட்டுவைப்பார்கள். பசிச் சுரப்பு அதிகம் வருவது எடுத்துப் போடுகிற அந்தப் பகுதியிலிருந்துதான். இன்னொரு முறையான இரைப்பை பைபாஸ் என்றால் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை. உங்கள் பி.எம்.ஐ. 44-ஐத் தொடுகிறது. 2022-இல் சர்வதேச அறுவைச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், 35-க்கு மேல் இருந்தாலே இந்த அறுவையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு அந்தக் கோடு இன்னும் கீழே. நீங்கள் அழகுக்காகக் கத்திக்குப் போகிறவர் இல்லை. எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன, அவை உங்களுக்கு ஆகுமா என்று மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு மனசு அலையாது.

‘கஷ்டப்படாமல் இளைச்சிட்டா’ என்று நாளைக்குப் பந்தியில் ஒருவர் சொல்வார். கட்டாயம் சொல்வார். வாழ்நாள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை, சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, புரதத்தைத் தேடித் தேடிச் சாப்பிட வேண்டும். இதுதான் குறுக்குவழியாம்.

இப்போது அந்தச் சீடை டின். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். இரைப்பையைச் சின்னதாக்கலாம், ராத்திரி பதினோரு மணியை யாரும் வெட்டி எடுக்க முடியாது. பசியில்லாமல் தின்கிறோம் என்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. ஆப்பரேஷனுக்கு முன்னால் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொல்வார்கள். கணக்கு டீச்சர் ஆயிற்றே, அதைப் பாஸ் ஃபெயில் பரீட்சை என்று நினைத்துவிடாதீர்கள். பலர் அங்கே நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் டின்னைப் பற்றிச் சொல்லுங்கள், எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில். சொன்னால் பெரும்பாலும் ஆப்பரேஷன் ரத்தாகிவிடாது. கொஞ்சம் தள்ளிப்போகலாம், அது நல்லதற்குத்தான். பிறகும் அவரிடம் போய்வர வேண்டும். சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்களுக்கு அது கையை விட்டுப் போகும்போது, யாரோ போய்விட்ட மாதிரி ஒரு வெறுமை வரும். சிலருக்கு அது மனச்சோர்வாகவே ஆகிறது. நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, அரசின் டெலி மானஸ். தமிழில் பேசலாம், காசு கிடையாது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று நாம் வாயால் சொல்ல மாட்டோம், இலையில் வைப்போம். கந்தரப்பம் இரண்டு, வேண்டாம் என்றால் மூன்று. இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிற மாமியாரிடம் ‘போதும்’ என்றால், பணியாரம் வேண்டாம் என்று அவர் காதில் விழாது. ‘நீங்கள் வேண்டாம்’ என்றுதான் விழும். அதனால்தான் முன்கூட்டியே அவருக்கு வேறு வேலை தரச் சொல்கிறேன். பருப்புத் தண்ணீர் வடிப்பது, முட்டையைக் குழைய வேகவைத்து மசிப்பது, கடிகாரம் பார்ப்பது. அந்தக் கைகளைச் சும்மா விடக் கூடாது.

யாருக்கும் தெரியாமல் போய் வரலாமா என்றால், வேண்டாம். உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் திரவம், அதற்குப் பிறகு மசித்தது, ஒரு மாதத்துக்கு மேல் ஆகித்தான் வழக்கமான சாப்பாட்டின் பக்கமே வர முடியும். கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. தையில் சாந்தி. தாயபிள்ளைகள் அத்தனை பேரும் கூடியிருக்கும் வளவில், நோன்பில் எல்லோரும் சாப்பிடுகிற இழை மாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன காரணம் சொல்வீர்கள்? சாந்தி முடியட்டும். கோடை லீவு நீளமானது. அதுவரைக்கும் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், அதற்கும் இந்த நாட்கள் உதவும்.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்றில்லை. நான்கு பேருக்குத் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு ‘வயித்துல ஒரு ஆப்பரேஷன், டாக்டர் சொன்ன சாப்பாடுதான்’. இதில் பொய் எதுவும் இல்லை.

அந்த நான்கு பேரில் மகள் ஒருத்தி. கதவுக்குப் பின்னால் நின்று அவள் என்ன கேட்டிருப்பாள்? ‘வயித்தை அறுக்கிறாக’, ‘திரும்பி வரலை’. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு கதை கட்டியிருப்பாள். கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டுங்கள், வகுப்பில் போடுகிற மாதிரியே. அவள் முன்னால் உங்கள் உடம்பைத் திட்டாதீர்கள். 13 வயதுப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு நேராகக் கண்ணாடி முன்னால்தான் போய் நிற்பாள்.

அப்புறம், இதைச் செய்துகொண்டவர்களிடம் பேசுங்கள். ஆஸ்பத்திரியிலேயே கேட்டால், சம்மதிக்கிற பழைய நோயாளிகளோடு பேசவைப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை: மூன்று மாதம் ஆனவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அவருக்கு வாரா வாரம் ஜாக்கெட் தொளதொளக்கிற சந்தோஷம். மூன்று வருஷம் தாண்டியவரைப் பிடியுங்கள். கொஞ்சம் எடை திரும்பி ஏறியிருக்கும், தொங்குகிற தோலைப் பற்றிச் சொல்வார், எதைத் திரும்பச் செய்ய மாட்டார் என்றும் சொல்வார். எல்லாம் கேட்டபின் வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால், அதையும் இதே நான்கு பேரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

என் தங்கையிடம் உங்கள் பெயர் சொல்லாமல் கேட்டேன். பேசுகிறேன் என்றாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். அவள் எண்ணைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பெரியாத்தாவும் பக்கத்தில் இருப்பார். போனைப் பிடுங்கி ‘வேண்டாம் ஆத்தா’ என்பார். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, பருப்புத் தண்ணீரில் எவ்வளவு உப்பு போட்டார் என்று கேளுங்கள்.