சிவப்பு டெலிபோன் பெட்டியும் ஓடுகிற வாடகையும்

கேள்வி: நீலாங்கரையில் சிறிய தனியார் அருங்காட்சியகம் நடத்துகிறேன். இங்கிலாந்தில் ஏலத்தில் எடுத்த கே-6 டெலிபோன் பெட்டி சென்னைத் துறைமுகம் வந்து 40 நாள் ஆகிறது. விற்றவர் இன்வாய்ஸில் '100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்' என்று எழுதியிருந்தார். ஏஜென்டும் அப்படியே பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரப் படிவம்) போட்டுவிட்டார். கஸ்டம்ஸ் நிறுத்திவிட்டது. கண்ணாடிகள் உடைந்திருக்கின்றன, ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. எழும்பூர் மியூசியத்துக்கு வந்திருந்தால் இப்படித் தடுப்பார்களா? ஹைகோர்ட் போகலாமா?

பதில்: கண்ணாடியை இன்சூரன்ஸ்காரரிடம் பேசுங்கள். ஏஜென்டோடு சண்டையைப் பெட்டி வெளியே வந்தபின் வைத்துக்கொள்ளலாம். எழும்பூர் 1851-இல் தொடங்கிய அரசு மியூசியம், அந்த ஒப்பீடு உங்களுக்கு உதவாது. வழக்கே அந்த '100 ஆண்டு' என்ற ஒரு வரியில்தான் இருக்கிறது.

கே-6-ஐ சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்ததே 1935-இல், ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவை ஒட்டி. எந்த கே-6-க்கும் இன்னும் நூறு வயது ஆகவில்லை. ஆக அது தொல்பொருள் இல்லை, பழைய சாமான். இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் அல்லாத பழைய சாமான் இறக்குமதிக்கு டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுமதி வேண்டும். உங்களிடம் அது இல்லை. சுங்கச் சட்டம் 111-ஆம் பிரிவின்படி பறிமுதலுக்கு இதுவே போதும், தவறான விவரம் தந்தது தனி. 'விற்றவர் எழுதினார்' என்பது எடுபடாது, உங்கள் பெயரில் போன பில் ஆஃப் என்ட்ரியில் உண்மை என்று உறுதி சொன்னது நீங்கள்.

சரி, என்னிடம் வருகிறவர்கள் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். 'நிறுத்தியது கஸ்டம்ஸ், சரக்கு கிடக்கிற இடத்துக்கு வாடகையை நான் ஏன் கட்ட வேண்டும்?' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். கஸ்டம்ஸ் தடுத்த சரக்குக்கு வாடகை கேட்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டு விதி சொல்வது உண்மைதான். ஆனால் அதுவே மற்றச் சட்டங்களுக்கு உட்பட்டது. 1995-இல் சுப்ரீம் கோர்ட், கஸ்டம்ஸ் தடுத்தது தவறானாலும் சரக்கைக் காப்பவர் டெமரேஜ் (தாமத வாடகை) வசூலிக்கலாம் என்றது. கன்டெய்னருக்குக் கப்பல் கம்பெனி போடும் கட்டணம் வேறு, 'நாங்கள்தான் தடுத்தோம்' என்று கஸ்டம்ஸ் தரும் சான்றிதழைக் காட்டினாலும் அது எளிதில் அசையாது. நியாயம் பேசியே பொருளின் விலையைத் தாண்டி வாடகை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 30 நாள் தாண்டிய சரக்கை நோட்டீஸ் கொடுத்து ஏலம் விட 48-ஆம் பிரிவு இடம் தருகிறது, நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். நாளைக்கே 49-ஆம் பிரிவில் மனுக் கொடுத்துப் பெட்டியைப் பொதுக் கிடங்குக்கு மாற்றி, கன்டெய்னரைக் காலியாகத் திருப்பிவிடுங்கள்.

கஸ்டம் ஹவுஸிலிருந்து ஹைகோர்ட் நடந்து போகிற தூரம்தான். அதனாலேயே பலர் கோபத்தோடு நேரே அங்கே போய்விடுகிறார்கள். நீங்கள் போக வேண்டாம். விளக்கம் கேட்கும் எழுத்து நோட்டீஸ் எனக்குத் தேவையில்லை, அபராதம் விதித்து விடுவியுங்கள் என்று கஸ்டம்ஸுக்குக் கடிதம் கொடுங்கள். வரியோடு 125-ஆம் பிரிவின் மீட்புத் தொகை (பறிமுதலுக்குப் பதிலாகக் கட்டிப் பொருளை மீட்பது), 112-ஆம் பிரிவின் அபராதம் இரண்டும் வரும். மீட்புத் தொகை, சந்தை விலையில் வரி போக மிஞ்சுவதைத் தாண்டக்கூடாது. 120 நாளுக்குள் அதைக் கட்டாவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். கட்டிப் பெட்டியை எடுத்த பிறகும், தொகை அதிகம் என்று 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அப்புறம், விற்றவரிடம் பழைய தேதி போட்டுத் 'திருத்திய' இன்வாய்ஸ் ஏதும் வாங்கிவிடாதீர்கள். தெரிந்தே பொய் ஆவணம் கொடுத்தால் 114ஏஏ பிரிவில் பொருளின் மதிப்பைப்போல ஐந்து மடங்கு வரை அபராதம் போடலாம்.