ஆந்தை நாணயத்தின் வெட்டும் வெண்கலத்தின் பச்சைப் பொடியும்

கேள்வி: பண்டைய கிரேக்க நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் வெண்கல நாணயம் ஒன்று என்னிடம் உள்ளது. மழைக்காலத்திலிருந்து அதில் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது. துடைத்தாலும் மீண்டும் வருகிறது. ஏதென்ஸின் ஆந்தை வெள்ளி நாணயம் ஒன்றும் விலைக்கு வந்துள்ளது. எடை 15.1 கிராம். ஆந்தையின் மேல் ஆழமான வெட்டும், வெட்டுக்குள் செந்நிறமும் தெரிகின்றன. வாங்கலாமா?

பதில்: முதலில் வெண்கலத்தைக் கவனியுங்கள், அது காத்திருக்காது. பழைய வெண்கலத்தின் மேல் கெட்டியாகவும் வழவழப்பாகவும் படிந்திருக்கும் கரும்பச்சைக் களிம்பு, நாணயத்தைக் காக்கும் கவசம். நகத்தால் தட்டினாலே உதிரும் வெளிர்பச்சைப் பொடி வேறு. அதை 'வெண்கல நோய்' என்பார்கள். மண்ணில் இருந்த காலத்தில் உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் செம்பை அரித்து மேலும் பொடியை உண்டாக்குகிறது. மேலே துடைப்பதால் இது நிற்காததற்குக் காரணம் இதுவே.

அந்த நாணயத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டு, கூரான மரக்குச்சியால் பொடியை மட்டும் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி வாருங்கள். உப்பு வெளியேற வாரக்கணக்கில் ஆகும். பிறகு முழுவதும் உலர்த்தி, சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத பெட்டியில், ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். கடலோர ஊர்களில் திறந்த அலமாரி இதற்கு ஒருபோதும் ஆகாது. அதன் பிறகும் பொடி பூத்தால், தொல்பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த கட்ட வேதிப்பொருட்களில் சில நச்சுத்தன்மை கொண்டவை. குத்துவிளக்கைத் துலக்குவது போல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் களிம்பு போய்விடும். களிம்போடு, நாணயத்தில் உள்ள கிரேக்கத் தெய்வம் அப்பல்லோவின் தலையிலும் குதிரை வீரனின் உருவத்திலும் எஞ்சியிருக்கும் நுண்ணிய கோடுகளும் போய்விடும். வெள்ளி நாணயத்தைத் திருநீற்றால் தேய்ப்பதும் அத்தகைய கேடுதான்.

இனி ஆந்தை நாணயம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸை அடுத்த லாரியன் சுரங்கங்களின் வெள்ளியில் அடித்த, நான்கு டிராக்மா (கிரேக்கப் பண அலகு) மதிப்புள்ள ஆந்தை நாணயத்தின் எடை ஏறத்தாழ 17.2 கிராம். புழக்கத்தில் தேய்ந்து சிறிது குறையலாம். உருவங்கள் கூர்மையாக இருக்கும்போதே 2 கிராம் குறைவது தேய்மானத்தால் நேராது. செம்பின் அடர்த்தி 8.9, வெள்ளியின் அடர்த்தி 10.5. ஆகவே அதே பருமனுள்ள செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்தினால் 15 கிராமை ஒட்டித்தான் எடை வரும். நீங்கள் கண்ட செந்நிறமும் அதையே சொல்கிறது.

ஆனால் இதனாலேயே அதை இக்காலப் போலி என்று முடிவு கட்டக் கூடாது. முலாம் பூசிய நாணயங்கள் அக்காலத்திலேயே ஏராளமாகப் புழங்கின. கி.மு. 375/374இல் ஏதென்ஸில் இயற்றப்பட்டு, நிகோஃபோன் சட்டம் என்று அறியப்படும் கல்வெட்டு, சந்தையில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே அமர்ந்து வெள்ளியைச் சோதிக்கும் அரசு அடிமையைப் பற்றிப் பேசுகிறது. உள்ளே வெண்கலமோ ஈயமோ இருப்பது தெரிந்தால், அவர் அங்கேயே நாணயத்தைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும், அது தேவர்களின் அன்னை என்ற தெய்வத்துக்கு உரியதாகிவிடும். இத்தகைய வெட்டு எனக்கு எந்தப் பழுதற்ற நாணயத்தையும்விட அதிகம் பேசுகிறது. நல்ல வெள்ளி நாணயங்களையும் எகிப்து முதலிய நாடுகளில் ஐயம் தீர வெட்டிப் பார்த்தார்கள். அவற்றின் வெட்டுக்குள் வெள்ளி மட்டுமே தெரியும்.

ஆகவே, உங்களிடம் வந்திருப்பது பழங்காலக் கள்ள நாணயமாக இருக்கலாம். அப்படியானால் அதற்குரிய, மிகக் குறைந்த விலைக்கு வாங்குவதில் தவறில்லை. முதலில் வெட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பழைய வெட்டில் செம்பு கருத்தோ பச்சைப் படிவு ஏறியோ இருக்கும். பளிச்சென்ற புதுச் செம்பு தெரிந்தால் விலகிவிடுங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், பரப்பில் ஊசிமுனைக் குழிகளும், சோப்பு போல் மழுங்கிய உருவங்களும் இருந்தால் அது அச்சில் அடித்ததல்ல, வார்த்தது. வார்ப்புப் போலியைக் காட்டிக்கொடுப்பதில் நான் பெரிதும் நம்பும் சோதனை ஒன்று உண்டு: ஒரே அச்சில் அடித்த இரு நாணயங்கள் இருக்கலாம், வில்லையின் வடிவமும், உருவம் விலகி விழுந்த அளவும், தேய்மானமும் கூட ஒன்றாக உள்ள இரண்டு நாணயங்கள் இருக்க முடியாது. ஏல நிறுவனங்களின் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரையில் போட்டு ஒலி கேட்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். பழைய வெள்ளி உள்ளே படிகமாகி நொறுங்கும் நிலையில் இருக்கக்கூடும்.

விற்பவரிடம், இது முலாம் பூசிய பழைய நாணயம் என்றும், இக்காலப் போலியெனத் தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்றும் எழுதி வாங்குங்கள். எங்கிருந்து, எந்த ஆண்டில் கைமாறியது என்பதற்கான ரசீதும் தேவை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயங்கள் தொல்பொருட்களாகும். அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதால், பின்னாளில் அயல்நாட்டு ஏலத்தில் விற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கில் விலை பேசாதீர்கள்.