சைவத்துக்கு மாறியும் எடை ஏன் குறையவில்லை?

யாங்கோனில் இருந்து கேட்டிருக்கிறீர்கள், புரட்டாசியில் இருந்து கறி, மீன் எல்லாம் நிறுத்தியாச்சு, எடை மட்டும் அப்படியே நிற்கிறதே என்று.

சைவம் என்பதாலேயே எடை குறையாதுங்க. உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால்தான் குறையும். மீன் போன இடத்தில் தட்டில் என்ன வந்தது என்று பாருங்கள்: இன்னொரு கரண்டி சோறு, பேஜோ (பருப்பைப் பொரித்தது), பொரித்த டோஃபு, அப்புறம் டீக்கடையில் அடியில் கன்டென்ஸ்டு மில்க் கெட்டியாகத் தங்கும் அந்த டீயும் பலாட்டாவும் (நம்ம பரோட்டா மாதிரி). ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி. லப்பெத்தோ (புளிக்கவைத்த தேயிலை சாலட்) இலைதானே என்று நினைப்போம், ஆனால் அதில் எண்ணெயும் வறுத்த பருப்பும்தான் பாதி (காய்ந்த இறாலும் போடுவார்கள், கேட்டு வாங்குங்கள்).

நான் சொல்வது இதுதான். காலையில் பேப்யோ, அதாவது முளைகட்டி வேகவைத்த பட்டாணி, மேலே வெங்காயம் தாளித்த எண்ணெய் ஊற்றாமல். அதில் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் மதியம் வரை பசி தாங்கும். ஷான் டோஃபு கடலைமாவில் செய்வது, சோயா டோஃபு அளவுக்குப் புரதம் கிடையாது, அதையும் பொரிக்காமல் சாப்பிடுங்கள். மதியம் சோற்றைப் பாதியாக்கி, பருப்பையும் இறால் போடாத புளிச்சகீரைக் குழம்பையும் கூட்டுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

பால், முட்டையும் விடுவதாக இருந்தால் பி12 மாத்திரை கட்டாயம் வேண்டும், டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.