வான்கோழி வேட்டையும் ஆரஞ்சுத் தொப்பியும்: கேள்வி பதில்

ஏப்ரல் பிறந்தால் போதும், எனக்கு இதே கேள்விகள்தான் வரும். இருபது வருடமாகப் பென்சில்வேனியாவில் வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். புதியவர்களுக்கான பாதுகாப்பு வகுப்புகளில் தன்னார்வலராகப் பாடமும் எடுக்கிறேன். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை, மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்காகப் போடுகிற ஆரஞ்சு உடையைப் பற்றியவை. ஒரேயடியாக உட்கார்ந்து பதில் எழுதிவிட்டேன்.

ஹாரிஸ்பர்க்கிலிருந்து: அண்ணா, போன நவம்பரில் மான் வேட்டைக்காக ஆரஞ்சு வெஸ்ட், தொப்பி எல்லாம் வாங்கினேன். மே மாத வான்கோழிக்கு அது வேண்டாம், காமோ (காட்டோடு காடாக மறைக்கிற உடை) போதும் என்கிறார்கள். சட்டமே கேட்காததை நான் ஏன் போட வேண்டும்?

சட்டம் கேட்கவில்லை என்பது சரி. இங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசனில் தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சு கட்டாயம். ஏ4 தாள் கணக்கில் இரண்டரைக்குச் சற்று மேல். அதுவும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். வசந்த கால வான்கோழிக்கோ, நடமாடும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்ற பரிந்துரையோடு சரி. பக்கத்து நியூயார்க்கிலும் கட்டாயம் என்பது துப்பாக்கியோடு மான், கரடி வேட்டைக்குப் போகிறவர்களுக்குத்தான்.

ஆனால் வான்கோழி வேட்டையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தலை முதல் கால் வரை காமோ, முகத்துக்கு வலை, கைக்கு உறை. மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பெட்டையின் குரலைக் கொடுக்கிறீர்கள். முன்னால் ஒரு பொம்மைப் பெட்டையும் நிற்கிறது. இந்த இடத்தில் ஒரு வான்கோழி இருக்கிறது என்று காட்டையே நம்ப வைக்கிற வேலை இது. சேவல் நம்பினால் நல்லது. அந்தப் பக்கம் வருகிற இன்னொரு வேட்டைக்காரரும் நம்பிவிட்டால்?

அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. விடியுமுன்னே எழுந்து வந்திருப்பார், இரண்டு வாரமாக ஒரு பறவையும் கிடைத்திருக்காது. காதில் குரல் விழுந்ததும் மனம் பாதி வான்கோழியை வரைந்துவிடும். அரை இருட்டில் கறுப்பாக ஓர் அசைவு தெரிந்தால் மீதியைக் கண் வரைந்துகொள்ளும். அந்தப் படத்தைக் கலைக்கத்தான் ஆரஞ்சு. காட்டில் அந்த நிறத்தில் இலையும் இல்லை, பறவையும் இல்லை.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். நடக்கும்போது தலையில் ஆரஞ்சுத் தொப்பி. உட்கார்ந்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு சாண் அகல ஆரஞ்சுத் துணியை மரத்தைச் சுற்றி, தலைக்கு மேலே கட்டிவிடுவேன். இடம் மாற எழுந்தால் முதலில் தொப்பி, அப்புறம்தான் கால்.

மிச்சிகனிலிருந்து: மானுக்கு ஆரஞ்சு தெரியாது என்று படித்தேன். வான்கோழிக்கும் அப்படித்தானா? தெரியும் என்றால் ஆரஞ்சைக் கட்டிக்கொண்டு போவது "நான் இங்கே இருக்கிறேன்" என்று பலகை மாட்டுவது போல ஆகாதா?

வான்கோழிக்கு நன்றாகவே தெரியும். இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. மானின் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான். ஆரஞ்சையும் இலைப் பச்சையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. நமக்கு மூன்று வகை, வான்கோழிக்கு நான்கு. புற ஊதாவின் ஓரம் வரை அது பார்க்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் திரும்பாமலே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியைக் கவனித்துக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் தலையைக் கொஞ்சம் திருப்பும், மிச்சமும் தெரிந்துவிடும். இதனால்தான் பல மாநிலங்கள் வசந்த கால வான்கோழிக்கு ஆரஞ்சைக் கட்டாயமாக்கவில்லை.

ஆனால் அது பயப்படுவது அசைவுக்கு. மரத்தில் கட்டிய, ஆடாமல் கிடக்கிற ஆரஞ்சுத் துணிப் பட்டையை அது பெரிதாக மதிப்பதில்லை. பட்டையிலிருந்து இருபத்தைந்து அடி தூரத்தில் வாலை விரித்து ஆடிய சேவலைப் பார்த்திருக்கிறேன். மயிலைப் பார்த்து ஆடுவதாக நாம் கேலி செய்கிற அதே பறவை. காட்டில் ஒருமுறை பார்த்தால் கேலி வராது. ஒரேயொரு முறை, ஒரு சேவல் பட்டையைப் பார்த்துத்தான் திரும்பிப் போனதோ என்று தோன்றியது. நான் முழங்காலை நகர்த்தியிருக்கவும் வாய்ப்புண்டு. பட்டையின் மேல் பழியைப் போடுவது எனக்கு வசதி.

பட்டையைவிடச் சலவைத்தூளுக்குப் பயப்படுங்கள். துணியைப் பளிச்சென்று காட்டுகிற சலவைத்தூளில் புற ஊதாவை வாங்கி நீல வெளிச்சமாக உமிழும் ரசாயனம் உண்டு. அதில் துவைத்த காமோ நமக்குச் சாதாரணமாகத் தெரியும். வான்கோழிக்கு அப்படி இருக்காது.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் இந்த வருடம் நண்பர்களோடு போகிறார். ஆரஞ்சு போடச் சொல்லிவிட்டேன். வேறு நிறங்களில் கவனிக்க ஏதாவது உண்டா?

உண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கூடாது. வசந்தத்தில் சேவலின் தலையில் இருப்பது இந்த மூன்று நிறங்கள்தான் (அமெரிக்கக் கொடியை நினைத்துக்கொண்டால் மறக்காது). வேட்டைக்காரர் குறி வைப்பதும் தலையையும் கழுத்தையும்தான். வெளிச்சட்டையை எல்லோரும் சரியாகத்தான் வாங்குகிறார்கள். மாட்டிக்கொள்வது சின்னச் சின்ன விஷயங்களில். காமோவுக்குள்ளே சிவப்பு பனியன், கழுத்தில் எட்டிப் பார்க்கும். மூக்கு சிந்த வெள்ளைக் கைக்குட்டை. உட்கார்ந்ததும் பேண்ட் மேலேறி வெள்ளை சாக்ஸ். வீட்டில் தரையில் உட்காரச் சொல்லி ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிடுங்கள். கறுப்பு ஜாக்கெட்டும் வேண்டாம், பறவையின் உடம்பு தூரத்திலிருந்து கறுப்பாகத்தான் தெரியும்.

விஸ்கான்சினிலிருந்து: மாமனார் கொடுத்த பழைய வெஸ்ட் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் வெளிறிவிட்டது. பரவாயில்லையா? இங்கே கடையில் பிங்க் நிறத்திலும் விற்கிறார்கள், அது ஆகுமா?

பிங்க் ஆகும். உங்கள் மாநிலத்தில் 2016 முதல் துப்பாக்கி மான் சீசனில் ஆரஞ்சுக்குப் பதிலாக ஒளிரும் பிங்க் அணியலாம். சாதா ரோஜா நிறம் கணக்கில் வராது.

வெளிறிய வெஸ்ட்டுக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பழைய நாட்களில் வேட்டைக்காரர்கள் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டைதான் போட்டார்கள். சிவப்பில் இரண்டு கோளாறு. வெளிச்சம் மங்கினால் சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்பே கறுத்துவிடும். தவிர, ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சையைப் பிரித்துப் பார்ப்பதில் குறை உண்டு. ஒளிரும் சாயங்களை 1930களில் உருவாக்கத் தொடங்கியவர்கள் ஸ்விட்சர் சகோதரர்கள், பிறகு டே-குளோ என்ற சாய நிறுவனமாகப் பெயரெடுத்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்குச் சைகை காட்டும் துணிகளுக்கு அந்தச் சாயம் பயன்பட்டது. வேட்டைக்காரர் உடம்புக்கு வந்தது அப்புறம்தான்.

சாதாரண ஆரஞ்சுத் துணி, தன் மேல் விழும் ஒளியில் ஆரஞ்சை மட்டும் திருப்பி அனுப்பும். ஒளிரும் துணி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீலத்தையும்கூட வாங்கி ஆரஞ்சாக மாற்றி அனுப்புகிறது. அதனால்தான் மேகம் மூடிய காலையிலும் உள்ளே விளக்கு எரிவது போல இருக்கும். வெயிலில் கிடந்து கிடந்து இந்த மாற்றும் சக்திதான் முதலில் போகிறது. துணி ஆரஞ்சாகவே இருக்கும், விளக்கு அணைந்திருக்கும். மாமனார் வெஸ்ட்டை ஒரு மாலை மங்கலில் புது வெஸ்ட் பக்கத்தில் தொங்கவிட்டு ஐம்பது அடி தள்ளி நின்று பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பழையதை ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒஹையோவிலிருந்து: ஆரஞ்சு காமோ, அதாவது ஆரஞ்சில் கறுப்புக் கிளை படம் போட்டது, போடலாமா?

சில மாநிலங்களில் செல்லும், சிலவற்றில் செல்லாது. இந்த வருடக் கையேட்டைப் பாருங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். கிளைப் படம் போடுவதே உருவத்தை உடைத்துக் காட்டத்தான். ஆரஞ்சு போடுவது உருவம் முழுசாகத் தெரிய.

வர்ஜீனியாவிலிருந்து: சார், நான் உட்கார்ந்திருக்கும்போது வேறொருவர் என் குரலைக் கேட்டு என்னை நோக்கி வந்தால் என்ன செய்வது? எழுந்து கையை ஆட்டலாமா?

கூடாது. அவர் தேடிக்கொண்டிருப்பது அசைவைத்தான், நீங்கள் அதைக் கையில் கொடுக்கிறீர்கள். அசையாமல் இருந்தபடியே மனிதக் குரலில் சத்தமாகக் கத்துங்கள். வான்கோழிக் குரலை மட்டும் அப்போது எழுப்பிவிடாதீர்கள். அவர் திரும்பிப் போய்க் கண்ணுக்கு மறையும் வரை எழ வேண்டாம்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பொதுக் காட்டில், காலை ஏழு மணி இருக்கும். நான் கூப்பிடக் கூப்பிட எதிரே ஒரு பெட்டையும் பதில் கொடுத்துக்கொண்டே வந்தது. பெட்டை வந்தால் பின்னால் சேவல் வரும் என்று நானும் உற்சாகமாகக் கூப்பிட்டேன். நாற்பதடி தூரத்துப் புதரில் முதலில் தெரிந்தது துப்பாக்கிக் குழல். அவர் என்னைப் பெட்டை என்று நினைத்திருக்கிறார், நான் அவரை. "ஸ்டாப்!" என்று கத்தியதாகத்தான் நினைவு, கூடவே ஒரு "யோவ்!" வும் வந்தது. மனிதர் முகம் வெளுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அன்று மரத்தில் பட்டை கட்டவில்லை. மழைத்தூறல், சோம்பல், வேறு காரணம் இல்லை.

முதுகுக்குப் பின்னால் இருக்கிற மரமும் முக்கியம். தோளைவிட அகலமாக இருக்கட்டும். பின்னாலிருந்து வருகிறவருக்கு உங்கள் தலையும் தோளும் தெரியக் கூடாது, வருகிற துப்பாக்கி ரவையும் மரத்தில்தான் பட வேண்டும்.

மேரிலாந்திலிருந்து: பொம்மைப் பறவையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது என்ன முன்ஜாக்கிரதை?

முழுக்க மூடிய பையில் போடுங்கள். அது ஆரஞ்சுப் பையாக இருந்தால் இன்னும் நல்லது. தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம் பழைய வேடர்கள் பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானைப் பிடிப்பார்கள், அதைப் பார்வை மான் என்பார்கள். பார்வை என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள், அது எல்லார் பார்வையையும்தான் இழுக்கும்.

சுட்ட பறவைக்கும் இதே விதி. தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி நடக்கிற படங்கள் அழகுதான். படத்தைக் காரருகே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆரஞ்சுத் துணியைச் சுற்றித் தூக்கி வாருங்கள்.

டென்னஸியிலிருந்து: வான்கோழி வாலை விசிறி போல முன்னால் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போய்ச் சுடுகிற வீடியோக்கள் பார்த்தேன். தொப்பி போட்டுக்கொண்டு இதைச் செய்யலாமா?

தொப்பியையே வாலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டுதானே தவழ வேண்டும்? அப்புறம் அது யாருக்குத் தெரியும்? நான் செய்ய மாட்டேன், என் வகுப்பில் யாரையும் செய்யவும் விட மாட்டேன். பென்சில்வேனியாவில் வசந்த கால வான்கோழியைக் கூப்பிட்டு வரவழைத்துத்தான் சுடலாம், பதுங்கிப் போவது சட்டவிரோதம்.

டெக்சாஸிலிருந்து: எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஆரஞ்சு எல்லாம் சரி, முதலில் நான் துப்பாக்கியைத் தொடலாமா?

கூட்டாட்சிச் சட்டப்படி உங்கள் வகை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கும் உண்டு. வகுப்பு முடித்து, உரிமம் வாங்கி, ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொண்டு தொடுங்கள்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து: நாங்கள் வேட்டைக்காரர்கள் இல்லை. மே மாதம் பிள்ளைகளோடு மாநிலக் காட்டில் நடக்கப் போவோம், மோரல் காளானும் தேடுவோம். எங்களுக்கும் ஆரஞ்சு வேண்டுமா?

கட்டாயம் போடுங்கள். மோரல் முளைக்கிற வாரங்களும் வான்கோழி சீசனும் ஒன்றாகத்தான் வரும். காளான் தேடுகிறவர் தடத்தை விட்டு விலகி, குனிந்து, மெதுவாக, நின்று நின்று நகர்வார். தரையைக் கிளறும் வான்கோழியும் அப்படித்தான் நகரும். ஆளுக்கொரு ஆரஞ்சுத் தொப்பி, நாய் இருந்தால் அதற்கும் ஒரு வெஸ்ட். தொப்பியை மட்டும் நம்பாமல் வெஸ்ட்டும் மாட்டிக்கொள்ளுங்கள், குனிந்தால் தொப்பி மறைந்துபோகும். பேசிக்கொண்டே நடங்கள். காட்டுக்குள் வான்கோழி கூப்பிடுவது கேட்டால் பிள்ளைகள் ஆசையாக அந்தப் பக்கம் ஓடுவார்கள். பிடித்து நிறுத்துங்கள். பாதி நேரம் அது என்னைப் போன்ற ஓர் ஆளாகத்தான் இருக்கும்.