வளாகத்திற்குள் ஒரு விருந்தாளி: டிஸ்க் கோல்ஃப் குறித்து வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் ஆடப்படும் டிஸ்க் கோல்ஃப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: தெற்குக் கரோலினாவில் முதுகலை படிக்கும் என் மகன், மாலை வேளைகளில் கல்லூரிக்குள்ளேயே டிஸ்க் கோல்ஃப் ஆடுவதாகச் சொல்கிறான். கோல்ஃப் என்றால் பெரும் பணக்காரர்களின் விளையாட்டு அல்லவா? படிப்புக்கு வாங்கிய கடன் இதில் கரைந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. — ஒரு தாய், சேலம்

பதில்: கவலையை விடுங்கள், அம்மா. பெயரில் மட்டுமே கோல்ஃப் இருக்கிறது. மட்டையும் பந்தும் இதில் கிடையாது. ஏறத்தாழ 21 செ.மீ. விட்டமுள்ள, நம் ஒரு சாணுக்குச் சற்றே குறைவான, கெட்டியான பிளாஸ்டிக் தட்டை எறிந்து, கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். கூடைக்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள், வரும் தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதைக் கீழே இறக்கிவிடும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வெல்கிறார். குழி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கூடையையும் 'ஹோல்' என்றே சொல்கிறார்கள். பெரும்பாலான களங்களில் 9 அல்லது 18 கூடைகள் இருக்கும். ஒரு தட்டின் விலை 10 முதல் 20 டாலர் வரை. இரண்டு மூன்று தட்டுகள் இருந்தால் ஆண்டுக்கணக்கில் ஆடலாம். கல்லூரி மாணவருக்குத் தன் கல்லூரிக் களத்தில் பெரும்பாலும் கட்டணமும் இராது.

இந்த ஆட்டத்திற்கும் கல்லூரி வளாகத்திற்கும் உள்ள உறவு, முறையான களங்கள் தோன்றுவதற்கு முந்தையது. டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1960-களின் நடுவிலேயே மாணவர்கள் மரங்களை இலக்காகக் கொண்டு தட்டெறிந்து போட்டி நடத்தியிருக்கிறார்கள். பின்னர், எறிந்து பிடித்து விளையாடும் ஃபிரிஸ்பி தட்டைத் திருத்தி வடிவமைத்து 1967-இல் காப்புரிமை பெற்ற எட் ஹெட்ரிக் என்பவர், 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான களத்தை அமைத்தார்; மறு ஆண்டே தொழில்முறை வீரர்களுக்கான சங்கத்தையும் தொடங்கினார். இன்று உலகெங்கும் காணப்படும் சங்கிலிக் கூடையும் அவர் வடிவமைத்ததே. உங்கள் மகன் மாலையில் ஒரு மணி நேரம் மரங்களுக்கிடையே நடந்து திரிகிறார் என்பதுதான் இதில் உள்ள செய்தி. அந்த நடை அவருக்கு நல்லது.

கேள்வி: நான் ஒஹையோவில் பணிபுரிகிறேன். என் வீட்டிற்கு அருகிலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் 9 கூடைகள் கொண்ட அழகான களம் இருக்கிறது. களங்களைக் காட்டும் செயலியில் அதற்கு 'தனியார் களம்' என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் வளாகத்திற்கு வேலியோ கதவோ கிடையாது. யாரும் தடுப்பதும் இல்லை. போய் ஆடலாமா? — ஒரு மென்பொருள் பொறியாளர்

பதில்: கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் போகாதீர்கள். இந்தக் கேள்விக்கு நான் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இதில் தவறியவர்களில் நானும் ஒருவன்.

நம் ஊர்க் கல்லூரிகளுக்கு மதிற்சுவரும் வாயிற்காவலரும் உண்டு. ஆகவே உள்ளே, வெளியே என்ற வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஊர்ச் சாலையே வளாகத்தின் நடுவே செல்கிறது. அதைக் கண்டு, எல்லாமே பொது இடம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தனியார் கல்லூரியின் புல்வெளியும் மரங்களும் அக்கல்லூரியின் சொத்து. வெளியாரை எந்த நேரத்திலும் வெளியேறச் சொல்லும் உரிமை அதற்கு உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்கள்கூடத் தங்கள் விளையாட்டு இடங்களை மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும் என ஒதுக்கிக்கொள்ளலாம்.

பல ஆண்டுகளுக்கு முன், இப்படியொரு திறந்த வளாகத்தில் நண்பர்கள் மூவருடன் அனுமதி கேட்காமல் ஆடத் தொடங்கினேன். நான்காவது கூடையை அடைந்தபோது, பட்டமளிப்பு விழாவிற்கு வந்த குடும்பங்கள் புல்வெளியில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்தும், காவலர் வந்து வெளியேறச் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அன்று குறுகிப்போனது நான்தான். அடுத்த வாரம் அந்தக் கல்லூரியின் பொழுதுபோக்குத் துறைக்கு மின்னஞ்சல் எழுதினேன். வார நாள்களில் வகுப்பு முடிந்த பிறகும், கோடை விடுமுறையில் எந்நேரமும் ஆடலாம் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் அந்தச் சங்கடமே நேர்ந்திராது.

உங்கள் மடலில் நீங்கள் யார், எத்தனை பேர் வருவீர்கள், எந்த நேரத்தில் வர எண்ணுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எந்த நாள்களில் களம் மூடப்படும், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் புதிய மாணவர்கள் விடுதிக்குக் குடிவரும் வாரம், மே மாதப் பட்டமளிப்பு, இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகள் ஆகியவை எந்த வளாகத்திலும் நெரிசலானவை. வண்டி நிறுத்த அனுமதியைத் தனியாகக் கேட்க வேண்டும். ஆட்டத்திற்கு அனுமதி கிடைத்து, வண்டிக்கு அபராதச் சீட்டுடன் திரும்பியவர்களை நான் அறிவேன். அக்கல்லூரியில் மாணவர் டிஸ்க் கோல்ஃப் குழு இருந்தால் அவர்களுக்கும் எழுதலாம். அவர்களுடன் சேர்ந்து ஆடுவது எல்லாவற்றிலும் சிறந்த வழி. கூடை எந்த மரத்தின் பின்னால் மறைந்திருக்கிறது என்று தேடும் வேலையும் இராது.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறேன். வளாகக் காவலர் எப்போதாவது வெளியேறச் சொன்னால், கையில் அனுமதி மடல் இருந்தாலும் அந்த இடத்தில் வாதாடாதீர்கள். மறுத்து நிற்பது அத்துமீறல் குற்றமாகக்கூடும். விசாவில் இருப்பவர்கள் காவல்துறைப் பதிவு எதையும் இவ்வளவு சிறிய காரியத்திற்காகத் தேடிக்கொள்ளக் கூடாது.

கேள்வி: நான் வலக்கையால் எறிபவன். எவ்வளவு நேராக எறிந்தாலும் கடைசியில் தட்டு இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. சென்ற வாரம் அப்படித் திரும்பி, நடைபாதையில் சென்ற ஒரு மாணவியின் காலருகே விழுந்தது. அவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, களத்தைக் கவனிக்காமல் நடந்தார். தவறு யாருடையது? — முதலாமாண்டு மாணவர்

பதில்: உங்களுடையது. அவர் தன் வகுப்பிற்கு நடந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு களம் இருப்பதை அறிந்திருக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. எறியும் தட்டு யாரையும் காயப்படுத்தாது என்று உறுதியான பிறகே எறிய வேண்டும் என்று இவ்விளையாட்டின் விதிகளே சொல்கின்றன. கடற்கரையில் பிடித்து விளையாடும் ஃபிரிஸ்பியின் விளிம்பு தடித்து உருண்டிருக்கும். கோல்ஃப் தட்டின் விளிம்போ, குறிப்பாக நெடுந்தூரம் எறிவதற்கான 'டிரைவர்' வகையில், காற்றைக் கிழிக்கும்படி கூர்மையாகச் சரிந்திருக்கும். தேர்ந்த வீரர்களின் எறி மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டும். தொடக்கநிலை ஆட்டக்காரரின் எறி அதில் பாதி வேகத்தில் பட்டாலும் பல் உடையும்.

தட்டு இடப்பக்கம் திரும்புவது உங்கள் குறையன்று. வலக்கையால் உடலுக்குக் குறுக்கே இழுத்து எறியும்போது, மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. வேகம் குறையக் குறைய, தட்டைத் தாங்கும் காற்றின் விசை அதன் முன்பாதியில் மிகுந்து, முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கும். சுழலும் பொருளில் அந்தத் தள்ளல் கால்வட்டம் தள்ளியே வெளிப்படும் என்பதால், மூக்கு எழுவதற்குப் பதிலாகத் தட்டு இடப்பக்கம் சாய்கிறது. பம்பரம் வேகம் குறையும்போது தலை சாய்ந்து சுற்றுவதும் இந்த இயல்பினால்தான். இடக்கை ஆட்டக்காரருக்கு இதே திருப்பம் வலப்பக்கம் நிகழும்.

இதை அறிந்துகொண்டால் வளாகத்தில் எங்கே கவனிக்க வேண்டும் என்பது தானே விளங்கும். எறியும் முன் நேர்கோட்டை மட்டும் பார்க்காமல், கூடையின் இடப்பக்கத்தில் பாதை, நூலகப் படிக்கட்டு, மிதிவண்டி நிறுத்தம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டு, மெதுவாகவும் நேராகவும் செல்லும் 'பட்டர்' வகைத் தட்டை எடுங்கள். வளாகக் களங்களில் கூடைகள் பெரும்பாலும் அருகருகே இருப்பதால் இதில் பெரிய இழப்பு இல்லை. ஓர் எறி கூடினால் கூடட்டும். பாதை வளைந்து மறையும் இடங்களில் நண்பர் ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். எறிந்த பின் யாரேனும் குறுக்கே வந்துவிட்டால் 'ஃபோர்' என்று உரக்கக் கத்துங்கள்; ஆனால் காதை மூடிக்கொண்டு நடப்பவருக்கு அது கேட்காது என்பதை உங்கள் அனுபவமே காட்டிவிட்டது. வகுப்பு மாறும் பத்து நிமிடங்களில் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். அந்த மாணவியை மீண்டும் கண்டால் மன்னிப்புக் கேளுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழக வளாகத்தில் ஆடப்படும் பெரிய போட்டி ஏதாவது உண்டா? — ஒரு வாசகர், சார்லட்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உண்டு. சார்லட்டிலிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணத்தில் உள்ள ராக் ஹில் நகரின் வின்த்ராப் பல்கலைக்கழகத்தில்தான், 1999-இல் தொடங்கிய அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடந்துவருகிறது. முதல் ஆண்டு வென்றவர் கென் கிளைமோ. ஏரியைச் சுற்றி விரியும் அந்த வளாகத்தில், போட்டிக்கென்று நீண்ட கயிறுகளைத் தரையில் விரித்து எல்லை வகுக்கிறார்கள். கயிற்றுக்கு அப்பால் விழுந்தால் ஓர் எறி அபராதம். 888 அடி நீளத்தால் அந்த எண்ணையே பெயராகப் பெற்ற ஹோலும், வைக்கோல் கட்டுகளால் அரணிட்ட 17-ஆம் ஹோலும் ஆட்டக்காரர்களிடையே புகழ்பெற்றவை. மேலே சொன்ன எல்லாமே அங்கே பெரிய அளவில் தெரியும். மாணவர்கள் நடக்கும் புல்வெளி சில நாள்களுக்குப் போட்டிக் களமாகிறது; பின்பு கயிறுகள் சுருட்டப்பட்டு, புல்வெளி மாணவர்களிடமே திரும்புகிறது. பார்வையாளராக ஒரு நாள் போய் நடந்துவாருங்கள். சற்றும் காடில்லாத திறந்தவெளியில் வெறும் கயிறு ஒன்று உலகின் சிறந்த வீரர்களைத் தயங்கவைப்பதை நேரில் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் தட்டு வளாகக் குளத்தில் விழுந்துவிட்டது. இறங்கி எடுக்கலாமா? — ஒரு மாணவி, ஃபுளோரிடா

பதில்: வேண்டவே வேண்டாம், தங்கையே. 2022-இல் உங்கள் மாநிலத்தின் லார்கோ நகரப் பூங்காவில், ஏரிக்குள் தட்டு தேடிய ஒருவரை முதலை கொன்றது. பதினைந்து டாலர் பொருள் அது, விட்டுவிடுங்கள். புல்லில் தொலைந்த தட்டுக்கும் விதிப்படி மூன்று நிமிடத் தேடலே உண்டு, பிறகு ஓர் எறி அபராதத்துடன் மேலே செல்ல வேண்டும். அடுத்த தட்டின் அடிப்புறத்தில் அழியாத மையால் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். கண்டெடுப்பவர்கள் அழைத்துத் தருவது இந்த ஆட்டக்காரர்களிடையே நல்ல வழக்கம். அப்படி என்னிடம் திரும்பி வந்த தட்டுகள் இரண்டு. ஒன்று, தொலைந்து மூன்றாண்டு கழித்து, வளாகத் தோட்டக்காரர் ஒருவர் இலை கூட்டும்போது கிடைத்ததாக அழைத்தார்.