'ஹேப்பி டுகெதர்' பாடிய டர்ட்டில்ஸ் குழு ஒரே பாட்டோடு காணாமல் போய்விட்டதா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் 1965-க்கும் 1969-க்கும் இடையில் அமெரிக்கப் பிரபலப் பாட்டுப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் இவர்களுடைய ஐந்து பாட்டுகள் வந்திருக்கின்றன. ஆனால் என்னை இழுத்தது அந்தக் கணக்கு இல்லை. தாங்கள் பாடிய பாட்டும், தங்கள் பெயரும் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேர் ஆயுசு முழுக்க மல்லுக்கட்டிய கதை அது.

ஹோவர்ட் கேலன், மார்க் வால்மன் இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வெஸ்ட்செஸ்டரில் ஒரே பள்ளியின் பாட்டுக் குழுவில் இருந்தவர்கள். முதலில் 'கிராஸ்ஃபயர்ஸ்' என்ற பெயரில் கடலலை விளையாட்டுக்காரர்களுக்குப் பிடித்த சர்ஃப் இசை வாசித்தார்கள். இருவர் கையிலும் சாக்ஸபோன். பீட்டில்ஸ் அலை அடித்ததும் சாக்ஸபோனை ஓரம் வைத்துவிட்டுப் பாட வந்துவிட்டார்கள். பேர்ட்ஸ் குழு தன் பெயரை வேண்டுமென்றே தப்பாக (Birds என்பதை Byrds என்று) எழுதிப் புகழ்பெற்றிருந்த நேரம் அது. இவர்களுடைய மேனேஜரும் டர்ட்டில்ஸ் என்பதை அதே பாணியில் தப்பாக எழுதலாம் என்றாராம். நல்ல வேளை, ஒத்துக்கொள்ளவில்லை. 1965-இல் பாப் டிலனின் ஒரு பாட்டை எடுத்துப் பாடினார்கள், எட்டாம் இடம்.

பிறகு 1967. 'ஹேப்பி டுகெதர்' பாட்டை எழுதியவர்கள் கேரி போனர், ஆலன் கார்டன் என்ற இருவர். பல குழுக்கள் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு அது. டர்ட்டில்ஸ் அதை எடுத்து, பல மாதம் மேடைகளில் பாடிப் பார்த்துச் செதுக்கிய பிறகுதான் பதிவு செய்தார்கள். பீட்டில்ஸின் 'பென்னி லேன்' பாட்டைக் கீழே இறக்கிவிட்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

கிடார் கற்ற காலத்தில் இந்தப் பாட்டோடு பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. எஃப் ஷார்ப் மைனர் என்ற கார்டைப் பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரல் மரத்துப் போனது. தொடக்க வரிகள் சோகச் சாயலுள்ள மைனரில் தயங்கித் தயங்கி நடக்கும், கோரஸ் வந்ததும் உற்சாகமான மேஜருக்குத் தாவி ஊரே கொண்டாடுவது போல ஆகிவிடும். வரிகளைக் கவனித்தால் அந்தப் பெண் இவனுக்குச் சரி என்று சொன்னதாகவே இல்லை! எல்லாம் அவன் மனக்கோட்டை. இதைத்தான் கல்யாண வீடியோக்களில் போடுகிறார்கள்.

அந்தப் பாட்டுக்கு பேஸ் கிடார் வாசித்து, ஊதுகுழல் பகுதிகளை அமைத்தவர் சிப் டக்ளஸ். வெற்றி கிடைத்த கையோடு அவரை மங்கீஸ் குழு தங்கள் தயாரிப்பாளராகக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

டர்ட்டில்ஸின் இசைத்தட்டுக் கம்பெனி ஒயிட் வேல் சின்னக் கம்பெனி. சோறு போட்டது பெரும்பாலும் டர்ட்டில்ஸ்தான். அதனால் 'இன்னொரு ஹேப்பி டுகெதர் கொடுங்கள்' என்று ஒரே நச்சரிப்பு. எரிச்சலில் கேலன் 1968-இல் 'எலனோர்' எழுதினார். காதல் பாட்டுகளின் தேய்ந்துபோன வரிகளையெல்லாம் அடுக்கி, வர்ணனைக்கு நடுவில் 'இத்யாதி இத்யாதி' என்கிற மாதிரி ஒரு சொல்லையும் செருகிவிட்டார். கேலி என்று புரிந்துகொண்டு கம்பெனி வாயை மூடிக்கொள்ளும் என்று நினைத்தார். அவர்களோ அப்படியே வெளியிட்டார்கள். ஆறாம் இடம்! அது வந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டையும் வேறு வேறு கற்பனைக் குழு பாடுவது போல வேடம் போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் இவர்களுடைய உச்சம் அதுதான்.

1969-இல் கிங்க்ஸ் குழுவின் ரே டேவிஸ் தயாரிப்பில் 'டர்ட்டில் சூப்' வந்தது. நல்ல ஆல்பம், விற்கவில்லை. மற்றவர்களைக் கழற்றிவிட்டு நீங்கள் இருவர் மட்டும் பாடினால் போதும் என்று கேலனிடமும் வால்மனிடமும் கம்பெனி சொல்லிப் பார்த்தது. இவர்கள் மறுத்தார்கள். 1970-இல் குழு கலைந்தது.

இங்கேதான் வேடிக்கை. ஒப்பந்தப்படி டர்ட்டில்ஸ் என்ற பெயரை மட்டுமல்ல, தங்கள் சொந்தப் பெயர்களைக்கூடத் தொழிலில் பயன்படுத்த முடியாது. அதனால் தங்களோடு சாமான் தூக்க வந்த ஆட்களின் பட்டப்பெயர்களைக் கடன் வாங்கி 'ஃப்ளோ, எடி' ஆனார்கள். அந்த வேடத்தில் ராக் இசைக்காரர் ஃப்ராங்க் ஸாப்பாவின் குழுவில் சேர்ந்தார்கள். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ சூதாட்ட விடுதி எரிந்ததே, டீப் பர்ப்பிள் குழு பாட்டாக்கிய அந்தத் தீ, அன்று மேடையில் இருந்தவர்கள் இவர்கள்தான். டி. ரெக்ஸ் குழுவின் 'கெட் இட் ஆன்' பாட்டிலும், 1980-இல் பாடகர் ஸ்ப்ரிங்ஸ்டீனின் 'ஹங்க்ரி ஹார்ட்' பாட்டிலும் பின்னணியில் கேட்கும் குரல்கள் இவர்களுடையவை. பெயர் தெரியாமலே இவர்களைக் கேட்டிருக்கிறோம்.

ஒயிட் வேல் நொடித்துப்போன பிறகு, 1974 வாக்கில் தங்கள் பழைய பதிவுகளைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். அறுபதுகளின் குழுக்களில் இது அபூர்வம். 1984-இலிருந்து மற்ற பழைய குழுக்களையும் சேர்த்துக்கொண்டு 'ஹேப்பி டுகெதர்' என்ற பெயரிலேயே ஊர் ஊராகப் போனார்கள்.

சொந்தக்காரர் ஆனதும் கோர்ட்டும் வந்தது. டி லா சோல் என்ற ராப் குழு 1989-இல் தன் ஆல்பம் ஒன்றில் டர்ட்டில்ஸ் பாட்டு ஒன்றின் சில நொடிகளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது. வழக்குப் போட்டார்கள், சமரசத்தில் முடிந்தது. அன்று முதல் இப்படி அடுத்தவர் பாட்டிலிருந்து துண்டு எடுத்துச் சேர்ப்பவர்கள் எல்லாருக்கும் பயம். அனுமதி வாங்க வேண்டியதுதான். ஆனாலும் சில நொடிகளுக்காக அந்த ஆல்பம் பட்ட அவதியைப் பார்த்தால் எனக்கு முழு மனதோடு இவர்கள் பக்கம் நிற்க முடியவில்லை.

2013-இல் போட்ட வழக்கு வேறு ரகம். 1972-க்கு முந்தைய பதிவுகளுக்கு அமெரிக்க மத்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்போது இடமில்லாமல் இருந்தது. அதைச் சாக்காக வைத்து சிரியஸ் எக்ஸ்எம் செயற்கைக்கோள் வானொலி பழைய பாட்டுகளை அனுமதியில்லாமல் ஒலிபரப்புகிறது என்பது புகார். கலிஃபோர்னியாவில் முதலில் ஜெயித்தார்கள். நியூயார்க்கிலும் ஃப்ளோரிடாவிலும் தோற்றார்கள், கடைசியில் கலிஃபோர்னியாத் தீர்ப்பும் 2021-இல் மேல்முறையீட்டில் போய்விட்டது. ஆனால் இந்தச் சர்ச்சை ஓடிக்கொண்டிருக்கும்போதே 2018-இல் புதிய சட்டம் வந்து, பழைய பதிவுகளுக்கும் இணைய, செயற்கைக்கோள் ஒலிபரப்பில் பங்கு உண்டு என்றாக்கியது.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்டால், வால்மன் நாற்பது வயதுக்கு மேல் கல்லூரியில் சேர்ந்து பட்டங்கள் வாங்கி, நாஷ்வில்லின் பெல்மான்ட் பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில் பற்றிப் பாடம் நடத்தினார். சொந்தப் பெயரையே ஒப்பந்தத்தில் இழந்தவர் பாடம் எடுத்தால் மாணவர்கள் கவனித்திருப்பார்கள். கேலன் உடல்நலம் காரணமாக 2018-இல் மேடையை விட்டு விலகினார். வால்மன் மறதி நோய் வந்த பிறகும் விடாமல் பாடினார். 2025 செப்டம்பர் 5 அன்று காலமானார்.

கேட்டுப் பார்ப்பதானால் 'ஹேப்பி டுகெதர்' முடிந்த கையோடு 'எலனோர்' போடுங்கள். அந்த 'இத்யாதி' வரும்போது கேலன் குரலில் சிரிப்பு தெரிகிறதா என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிகிறது.